பத்மாவதி ‘பத்மாவத்’ ஆன கதை: சரித்திரப் படமும் தணிக்கையும் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2017 நவம்பரில் மும்பையிலுள்ள மத்தியத் திரைப்படத் தணிக்கை வாரியத்துக்குப் ‘பத்மாவதி’ என்ற பெயரில் சென்ற ஹிந்திப் படம், 2018 ஜனவரி 25 அன்று ‘பத்மாவத்’ என்ற பெயரில் திரையரங்குகளுக்கு வந்தது. தமிழில் எழுதிப் பார்த்தால் ஓர் எழுத்துகூட முழுதாகக் குறையவில்லை. ‘தி’யின் மேல்விலங்கு போய், அந்த இடத்தில் ஒரு புள்ளி விழுந்தது. அந்தப் புள்ளியால் ஓர் அரசியின் பெயராக இருந்தது ஒரு நூலின் பெயராக மாறிவிட்டது. வாரியம் வேண்டியதும் அதுதான்.

அந்தேரியின் ஒலிப்பதிவுக் கூடங்களில் உட்கார்ந்து ஹிந்திப் படங்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் தொழில். இந்தப் படத்தின் தமிழ் வடிவத்தில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனால் ஒவ்வொரு மொழி வடிவத்துக்கும் தணிக்கை உண்டு என்பதால், வெட்டுப் பட்டியல்களையும் திருத்தக் கடிதங்களையும் படித்து, அதற்கேற்பத் தமிழ் வசனத்தை மாற்றிக் கொடுப்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. பல ஆண்டுகளாக அவற்றைப் படித்தவன் என்ற முறையில் இந்நிகழ்வை நான் பார்க்கும் விதம் இது: பிரம்மாண்டமான சரித்திரப் படம் எவ்வளவு பெரிதாக எடுக்கப்படுகிறதோ, மிரட்டலுக்கு முன்னால் அவ்வளவு எளிதில் வளையக்கூடியதாக ஆகிவிடுகிறது. அந்த நேரத்தில் கேடயமாக நிற்கவேண்டிய வாரியம், சட்டம் தனக்குத் தராத ஓர் அதிகாரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, வரலாற்றைப் பற்றிப் பேரம் பேசியது.

கதையின் வேர்

சித்தூர்க் கோட்டையை அலாவுதீன் கில்ஜி முற்றுகையிட்டுக் கைப்பற்றியது 1303-இல். அந்தப் படையெடுப்பில் உடனிருந்த கவிஞர் அமீர் குஸ்ரு எழுதிய குறிப்புகளில் பத்மினி என்ற அரசியின் பெயர் இல்லை. அந்தப் பெயரை நாமறிந்த கதையாக ஆக்கியவர், ஏறத்தாழ 240 ஆண்டுகள் கழித்து, 1540-இல் அவதி மொழியில் ‘பத்மாவத்’ காவியத்தை இயற்றிய சூஃபிக் கவிஞர் மாலிக் முகமது ஜாயசி. அவருடைய கதையில் பத்மாவதி பிறந்தது ராஜஸ்தானத்தில் அன்று, சிங்கள தீபத்தில். அவளுடைய அழகைக் கிளியின் வாயால் கேட்டு மயங்கிய சித்தூர் மன்னன் கடல் கடந்து சென்று அவளை மணந்து வருகிறான். அவளை அடைய விரும்பிக் கில்ஜி சித்தூர்மேல் படையெடுக்கிறான்; கடைசியில் அவள் தீயில் இறங்கி உயிர்விடுகிறாள். நமக்கு அக்கரையிலிருந்து ஓர் இளவரசி வடக்கே போகிறாள் என்பதே, இது நாடுகளின் எல்லைக்குள் அடங்காத காவிய வழக்கு என்பதைச் சொல்லிவிடுகிறது. கிளிப்பேச்சும் கடற்பயணமும் கொண்ட அந்தக் காவியம் பின்னாளில் மெல்ல மெல்ல வரலாறாகச் சொல்லப்பட்டு, ஒரு சமூகத்தின் மானத்தோடு பிணைந்துபோனது.

இயக்குநர் சஞ்சய் லீலா பன்சாலிக்கு இந்தக் கதை புதிதும் அன்று. 2008-இலேயே பாரிஸில் ஷாட்லே அரங்கில், ஆல்பெர் ரூசெல் இயற்றிய ‘பத்மாவதி’ இசை நாடகத்தை அவர் மேடையேற்றியிருக்கிறார். அப்போது யாரும் அவரைத் தடுக்கவில்லை.

பெரிய படம், எளிதான இலக்கு

சிறிய படம் ஒன்றை ஒரு வீட்டுக்குள், 12 பேரை வைத்துக்கொண்டு எடுத்து முடித்துவிடலாம். அப்படி ஒரு படம் எடுக்கப்படுவதே அடுத்த தெருவுக்குத் தெரியாது. கோட்டையும் குதிரைப்படையும் வேண்டிய படத்துக்கு அந்த மறைவு கிடையாது. நூற்றுக்கணக்கான துணை நடிகர்கள், உடைகள் ஏற்றிய லாரிகள், தொலைவிலிருந்தே தெரியும் விளக்குக் கம்பங்கள், மாதக்கணக்கில் ஒரே இடத்தில் தங்கல் என்று எல்லாம் ஊரறிய நடக்கும். 2017 ஜனவரி 27 அன்று ஜெய்ப்பூர் ஜெய்கட் கோட்டையில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோது ராஜபுத்திர அமைப்பான கர்ணி சேனையினர் உள்ளே புகுந்து கருவிகளை உடைத்து, இயக்குநரையும் தாக்கினர். அரசியும் கில்ஜியும் கனவில் சேர்வதுபோல ஒரு காட்சி இருப்பதாக அவர்கள் கேள்விப்பட்டிருந்தார்கள். அப்படி எதுவும் இல்லை என்று படக்குழுவினர் சொன்னார்கள். கடைசியில் வெளிவந்த படத்திலும் இல்லை. படக்குழு மகாராஷ்டிரத்துக்கே திரும்பி, கோலாப்பூர் அருகே பன்ஹாளா பகுதி மேட்டுநிலத்தில் அரங்கம் அமைத்தது. மார்ச் மாதத்தில் ஓர் இரவு அந்த அரங்கத்துக்கும் தீ வைக்கப்பட்டது. உடைகள் எரிந்தன.

இதுவரை தணிக்கை வாரியத்திடம் ஒரு பிரேம்கூடப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். படம் பிறப்பதற்கு முன்பே அதன்மீது ஒரு தணிக்கை நடந்து முடிந்திருந்தது.

பணத்தின் கணக்கும் இதே திசையில்தான் இழுக்கிறது. இந்தப் படத்தின் செலவு 200 கோடி ரூபாயை ஒட்டியது என்று அப்போதைய செய்திகள் எழுதின. அவ்வளவு பணம் முடங்கிய ஒரு படம் ஒவ்வொரு வாரம் தள்ளிப்போகும்போதும் வட்டி ஏறும், ஒப்பந்தமான திரையரங்குகள் கைவிட்டுப் போகும், விளம்பரத்துக்குச் செலவிட்டது வீணாகும். சிறு படத்தின் இயக்குநர் ஒருவர் தம் படத்துக்காக மூன்றாண்டுகள் நீதிமன்றப் படி ஏறலாம். பெரும்படத்தின் தயாரிப்பாளருக்கு மூன்று வாரம் காத்திருப்பதே பெரும் சுமை. ஆகவே திருத்தம் கேட்டால் கொடுத்துவிடுவது என்பதே அங்கு நடைமுறை அறிவாகிவிடுகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த மேசையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கும் இந்தக் கணக்கு தெரியும் என்பதே என் கவலை.

இதற்கு முன்

புராணமும் சரித்திரமும் இந்தியாவில் தணிக்கையைச் சந்தித்தது இது முதல் முறை இல்லை. 1918-ஆம் ஆண்டுச் சட்டப்படி பம்பாய், கல்கத்தா, சென்னை, ரங்கூன் ஆகிய நகரங்களில் 1920-இல் தணிக்கை வாரியங்கள் அமைந்தன. அடுத்த ஆண்டே பம்பாயின் கோஹினூர் நிறுவனம் ‘பக்த விதுரர்’ என்ற ஊமைப்படத்தை வெளியிட்டது. மகாபாரதத்து விதுரர் அதில் காந்தி குல்லாயும் கதராடையுமாக வந்தார். கராச்சியிலும் சென்னையிலும் அந்தப் படம் தடைசெய்யப்பட்டது. விதுரரின் வேடத்தில் இருப்பவர் யார் என்று அதிகாரிகளுக்குத் தெரிந்துவிட்டது. பார்த்த மக்களுக்கும் தெரிந்தது. பழங்கதையைச் சொல்லும் படத்தை ஆள்வோர் எப்போதும் நிகழ்காலமாகத்தான் படிக்கிறார்கள் என்பதற்கு, நாடு விடுதலை பெறுவதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே கிடைத்த சான்று இது. சில ஆண்டுகள் கழித்து, 1927–28-இல், இந்தியத் திரைப்பட நிலையை ஆராய அமைந்த குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார் என்பதை நம்மவர்கள் மறந்தேபோனார்கள்.

இந்நிகழ்வோடு ஒப்பிட எனக்கு அதிகம் உதவுவது 1960-இல் வந்த ‘முகலே ஆஸம்’. இயக்குநர் கே. ஆசிஃப் 1940-களின் நடுவில் தொடங்கிய அந்தப் படம், நாட்டுப் பிரிவினையில் முதல் முதலீட்டாளரை இழந்து, ஷாபூர்ஜி பலோஞ்சியின் பணத்தில் மறுபடி எழுந்து, 1960 ஆகஸ்ட் 5 அன்று பம்பாய் மராட்டா மந்திர் திரையரங்கில் வெளியானது. போர்க்காட்சிகளுக்கு இந்திய ராணுவத்தின் குதிரைப்படையினரே வந்து நின்றார்கள். அனார்கலி என்ற நடனப்பெண் அக்பர் அவையில் இருந்ததாக அவருடைய அவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் எழுதவில்லை. அவளைப் பற்றிய வாய்வழிக் கதைதான் 1922-இல் லாகூரில் நாடகமாக எழுதப்பட்டுப் பின் படங்களுக்கு வந்தது. அதாவது, பத்மாவதியைப்போலவே அனார்கலியும் உண்மையான ஒரு பேரரசனின் பக்கத்தில் நிறுத்தப்பட்ட கற்பனைப் பெண். ஆனால் ‘முகலே ஆஸம்’ தொடங்கும்போது, “நான் ஹிந்துஸ்தான்” என்று நாடே தன் குரலில் கதை சொல்ல ஆரம்பிக்கிறது. ஒரு வாய்வழிக் கதைக்கு இந்த நாட்டின் பெயரால் பேசும் உரிமையை ஆசிஃப் எடுத்துக்கொண்டார். அரசு அதற்குப் படைவீரர்களை அனுப்பிவைத்தது.

தமிழருக்கு இதில் ஓர் உறவு உண்டு. அந்தப் படம் ஹிந்தியோடு தமிழுக்காகவும் ஆங்கிலத்துக்காகவும் காட்சிகளைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டு வளர்ந்தது; தமிழ் வடிவம் ‘அக்பர்’ என்ற பெயரில் 1961-இல் வெளிவந்து ஓடாமல் போக, ஆங்கில வடிவத்தைக் கைவிட்டார்கள். மாட்டுங்காவில் எனக்கு வசனத் தொழிலைக் கற்றுக்கொடுத்த பெரியவர் ‘அக்பர்’ பார்த்தவர். உதட்டசைவுக்கு ஒத்துவராத தமிழை நடிகர்கள் பேசுவதைப் பார்த்துத்தான் இந்தத் தொழில் எவ்வளவு கடினம் என்று தமக்குப் புரிந்ததாகச் சொல்வார்.

1960-இல் அக்பரின் அரசியாக ஜோதாபாய் திரையில் வந்தபோது எழாத எதிர்ப்பு, 2008-இல் ‘ஜோதா அக்பர்’ வந்தபோது எழுந்தது. அந்தப் பெயரே வரலாற்றுப் பிழை என்று சொல்லி ராஜபுத்திர அமைப்புகள் போராடின. ராஜஸ்தானில் படம் திரையரங்குகளுக்குள் நுழைய முடியவில்லை. வேறு மாநிலங்களில் போடப்பட்ட தடையை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. 2017-இல் நடந்ததற்கு ஒத்திகை அங்கேயே முடிந்துவிட்டது என்று சொல்லலாம்.

நிரப்பப்படாத ஒரு கட்டம்

படம் 2017 டிசம்பர் 1 அன்று வெளியாவதாக அறிவிக்கப்பட்டிருந்தது. நவம்பர் மத்தியில் வாரியம் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியது. படம் கற்பனையா, வரலாற்றை அடிப்படையாகக் கொண்டதா என்று கேட்கும் இடத்தை விண்ணப்பதாரர் காலியாக விட்டிருந்தார் என்பதே சொல்லப்பட்ட காரணம். விண்ணப்பம் வந்த நாளிலிருந்து 68 நாள் வரை எடுத்துக்கொள்ள விதிகளில் இடமிருக்கிறது என்றும் வாரியம் நினைவூட்டியது. சான்றிதழ் பெறும் முன்பே சில பத்திரிகையாளர்களுக்குத் தயாரிப்பாளர்கள் படத்தைப் போட்டுக்காட்டியதில் வாரியத் தலைவர் பிரசூன் ஜோஷிக்கு வருத்தம். அந்த வருத்தத்தில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். வெளியீட்டைத் தயாரிப்பாளர்களே தள்ளிவைத்தார்கள்.

காலியாக இருந்த அந்தக் கட்டத்தைப் பற்றி நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். ‘கற்பனை’ என்று எழுதினால், முன்னோர் தீக்குளித்ததைப் பொய்யென்று சொல்கிறாயா என்று ஒரு கூட்டம் வரும். ‘வரலாறு’ என்று எழுதினால், ஆதாரம் எங்கே என்று வாரியமே கேட்கும். காவியம் இவ்விரண்டில் எதுவுமில்லை, மூன்றாவதாக ஒன்று. கண்ணகி மதுரையை எரித்தது கற்பனையா, வரலாறா என்று ஒரு படிவத்தில் கேட்டால் நம்மில் யார் எதை நிரப்புவோம்? அந்த இடத்தை வெறுமையாக விட்டது, அறிந்தோ அறியாமலோ, அந்தப் படக்குழு தந்த நேர்மையான பதில் என்பது என் எண்ணம்.

வழக்கமான நடைமுறை எளிமையானது. முழுநீளப் படத்தை ஆய்வுக்குழு பார்க்கும். ஆலோசனைக் குழுவிலிருந்து நான்கு உறுப்பினர்களும் வாரியத்தின் ஆய்வு அதிகாரி ஒருவரும் அதில் இருப்பார்கள். குழுவில் பெண்களும் இருக்க வேண்டும். முடிவில் உடன்பாடு இல்லையென்றால் படம் மறுஆய்வுக் குழுவுக்குப் போகும். இந்தப் படத்துக்கு வாரியம் கூடுதலாக ஒன்றைச் செய்தது. உதய்ப்பூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த அரவிந்த் சிங், சந்திரமணி சிங், ஜெய்ப்பூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே. கே. சிங் ஆகியோர் கொண்ட சிறப்புக் குழுவை அழைத்து, அவர்களுடைய கருத்தையும் கேட்டது. டிசம்பர் 28 அன்று கூடிய கூட்டத்துக்குப் பின், ஐந்து திருத்தங்களோடு ‘யுஏ’ சான்றிதழ் தரலாம் என்ற முடிவு வெளிவந்தது.

1952-ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் 5பி பிரிவு, எந்தெந்தக் காரணத்துக்காக ஒரு படத்துக்குச் சான்றிதழ் மறுக்கலாம் என்று வரையறுக்கிறது: நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, அயல்நாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, கண்ணியம், ஒழுக்கம், அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு, குற்றத்தைத் தூண்டுதல். வரலாற்றுத் துல்லியம் அந்தப் பட்டியலில் இல்லை. படம் சித்திரிக்கும் காலத்தை மனத்தில் கொண்டு, படத்தை முழுமையாக மதிப்பிட வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றனவே தவிர, அந்தக் காலத்தில் இது நடந்ததா என்று விசாரிக்கச் சொல்லவில்லை. வரலாற்றாசிரியர்களை ஆலோசிப்பது தவறில்லை. ஆனால் சட்டம் கேட்காத ஒரு கேள்விக்கு விடை தேட, கதைமாந்தரின் வழித்தோன்றல் என்ற உரிமையோடு பேசக்கூடியவரையும் அழைத்து உட்காரவைப்பது வேறு காரியம்.

ஐந்து திருத்தங்கள்

முதலாவது பெயர், அதைச் சொல்லிவிட்டேன். படம் வரலாற்று உண்மைக்கு உரிமை கொண்டாடவில்லை என்று பொறுப்புத்துறப்பு அறிவிப்பைத் திருத்தச் சொன்னது இரண்டாவது. உடன்கட்டை ஏறுதலைப் படம் எவ்வகையிலும் போற்றவில்லை என்ற அறிவிப்பு மூன்றாவது. வரலாற்று இடங்கள் குறித்த தவறான குறிப்புகளை மாற்றுவது நான்காவது. இதில் சொல்ல எதுவுமில்லை. ‘கூமர்’ நடனப்பாட்டில், அரசி என்ற பாத்திரத்துக்குப் பொருந்துமாறு சித்திரிப்பைத் திருத்துவது ஐந்தாவது.

‘கூமர்’ பாட்டைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அக்டோபரிலேயே வெளியாகிக் கோடிக்கணக்கானோர் பார்த்துவிட்ட பாட்டு அது. ராஜபுத்திர அரசி பிறர் முன் ஆடமாட்டாள், அவளுடைய இடை தெரியக்கூடாது என்பவை எழுந்த ஆட்சேபங்கள். வெட்டினால் பாட்டே போய்விடும். ஆகவே கணினியில் இடையை மூடினார்கள். ஒரு வினாடிக்கு 24 பிரேம். ‘கூமர்’ என்பதே சுழன்று சுழன்று ஆடுவது. ஆடுபவர் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் இடுப்பின் கோணம் மாறும், விளக்குகளின் ஒளி விழும் பக்கம் மாறும், முந்தானை குறுக்கே வந்து போகும். அத்தனைக்கும் ஏற்பத் துணியை வரைந்து, நிழலிட்டு, உடம்போடு ஒட்டி அசையவைக்க வேண்டும். ஜனவரி இரண்டாவது பாதியில் திருத்திய பாட்டு இணையத்தில் வந்தபோது, என் கூடத்துக் கணினியில் பழையதையும் புதியதையும் அடுத்தடுத்த சாளரத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. அதைச் செய்தவர்கள் இரவு பகலாக உட்கார்ந்திருப்பார்கள். திறமையான கைகள் அத்தனை மணி நேரம் உழைத்தது, ஒரு காட்சியை அழகாக்குவதற்காக அல்லாமல், ஓர் இடுப்பை இல்லாததாக்குவதற்காக என்று எண்ணியபோது மனம் கனத்தது.

அதே நடனத்துக்கு 66-ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த நடன அமைப்புக்கான விருது கிடைத்தது. பன்சாலிக்கு இசையமைப்புக்கான விருதும் கிடைத்தது. ஓர் அரசு அமைப்பு திருத்தியதை இன்னோர் அரசு அமைப்பு பாராட்டியது.

மூன்றாவது திருத்தத்தைப் பற்றியே இன்னும் விரிவான விவாதம் நடந்திருக்க வேண்டும். படத்தின் முடிவில் சிவப்பு ஆடையணிந்த பெண்கள் கூட்டமாகத் தீயை நோக்கி நடக்கிறார்கள். கருவுற்ற பெண் ஒருத்தியும் சிறுமி ஒருத்தியும் அதில் உண்டு. இசை உயர்கிறது, நடை மெதுவாக்கப்படுகிறது, பார்ப்பவரின் உடல் சிலிர்க்கும்படி எல்லாம் அமைக்கப்பட்டிருக்கிறது. 1987 செப்டம்பரில் ராஜஸ்தானின் தேவராலாவில் ரூப் கன்வர் என்ற இளம்பெண் கணவரின் சிதையில் எரிந்துபோன பிறகு, உடன்கட்டையைப் போற்றுவதையே குற்றமாக்கிச் சட்டம் வந்த நாடு இது. இந்தக் காட்சி போற்றுகிறதா, காட்டுகிறதா என்பது கேட்கத்தக்க கேள்வி. என் கருத்தில் அது போற்றவே செய்கிறது. அதற்காக அதை வெட்ட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன், அதைக் குறித்து எழுதவும் வாதிடவும் வேண்டும் என்பேன். கில்ஜியை இறைச்சியைக் கிழித்துத் தின்னும் முரடனாக மட்டுமே காட்டியதும் அப்படி வாதிடத்தக்கதே. ஆனால் பெயரும் இடையும் பிடித்துக்கொண்ட நேரத்தில் இந்தக் கேள்விகளுக்குக் கிடைத்தது திரையில் சில வினாடி நிற்கும் ஒரு வாக்கியம்.

சான்றிதழுக்குப் பின்னும்

சான்றிதழ் கையில் வந்ததும் வழக்கமாகப் படம் ஓடும். இங்கே ராஜஸ்தான், குஜராத் அரசுகள் தடை அறிவிக்கை வெளியிட்டன. ஹரியானாவும் மத்தியப் பிரதேசமும் படத்தை அனுமதிப்பதில்லை என்று சொல்லின. திரைப்படங்களுக்கு அனுமதி தருவது அரசமைப்பின்படி மத்தியப் பட்டியலில் 60-ஆவது இனம். மாநிலப் பட்டியலின் 33-ஆவது இனத்திலுள்ள திரையரங்கு அதிகாரம் அதற்குக் கட்டுப்பட்டது. மாநிலங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கின.

சான்றிதழ் வருவதற்கு முன்பே உச்ச நீதிமன்றம் இந்தப் படத்தைப் பற்றிப் பேசவேண்டி வந்திருந்தது. நவம்பரில் படத்தைத் தடுக்கக் கோரிய மனுவைத் தள்ளியதோடு, வாரியம் முடிவெடுக்காத நிலையில் பொறுப்பான பதவிகளில் இருப்பவர்கள் படத்தைப்பற்றித் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்றும் அது கண்டித்தது. 2018 ஜனவரி 18 அன்று தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா, நீதிபதிகள் ஏ. எம். கான்வில்கர், டி. ஒய். சந்திரசூட் ஆகியோரின் அமர்வு, குஜராத், ராஜஸ்தான் அறிவிக்கைகளை நிறுத்திவைத்து, பிற மாநிலங்களும் அப்படிச் செய்யக்கூடாது என்று ஆணையிட்டது. ஆணையை மாற்றச் சொல்லி வந்த ராஜஸ்தான், மத்தியப் பிரதேச அரசுகளின் மனுக்களும் ஜனவரி 23 அன்று தள்ளுபடியாயின.

இந்த ஆணையின் அடித்தளம் ஒரு தமிழ்ப் படத்தின்மேல் கட்டப்பட்டது. இடஒதுக்கீட்டை விமரிசித்த ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் ‘யு’ சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை எதிர்த்துத் தயாரிப்பாளர் ரங்கராஜன் தில்லிக்குப் போனார். 1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அந்தச் சான்றிதழை மீட்டுக் கொடுத்தது. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறிபோல, சொல்லுக்கும் விளைவுக்கும் நெருங்கிய தொடர்பு இருந்தாலொழியப் பேச்சைத் தடுக்கக்கூடாது, கூட்டம் மிரட்டுகிறது என்பதற்காக அரசு கைவிரிக்கக்கூடாது என்பது அதன் சாரம். படத்தின் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் உடன்பாடில்லாத ஒரு படத்துக்காக எழுதப்பட்ட தீர்ப்புத்தான் இன்றும் எல்லாப் படங்களுக்கும் காவலாக நிற்கிறது.

ஆணை வந்தும் குஜராத், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், கோவா ஆகிய நான்கு மாநிலங்களில் படத்தைத் திரையிடுவதில்லை என்று மல்டிபிளெக்ஸ் உரிமையாளர் சங்கம் அறிவித்தது. வெளியீட்டுக்கு முந்தைய நாள் குருகிராமில் பள்ளிப் பேருந்து ஒன்று கல்லெறிக்கு உள்ளாகி, குழந்தைகள் இருக்கைகளுக்கு நடுவே பதுங்கிக்கொண்டார்கள். மும்பையில் நான் புறநகர்த் திரையரங்கு ஒன்றில் மாலைக் காட்சிக்குப் போனேன். வாசலில் போலீஸ் வண்டி. தண்ணீர் பாட்டிலைக்கூட வாங்கி வைத்துவிட்டு உள்ளே விட்டார்கள். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா, இடைவேளையில், “இதுக்கா இவ்வளவு?” என்று என்னிடம் தமிழில் கேட்டார். நான் தமிழன் என்பது என் கைப்பேசி உரையாடலில் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வெளிநாடுகளில் நடந்ததையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பிரிட்டனின் வகைப்பாட்டு வாரியம் நவம்பரிலேயே, ஒரு வெட்டும் இல்லாமல், ‘12ஏ’ (12 வயதுக்குக் குறைந்தவர் பெரியவர் துணையோடு பார்க்கலாம்) தந்துவிட்டது. இந்தியச் சான்றிதழ் வரும்வரை தயாரிப்பாளர்களே அங்கு வெளியிடாமல் காத்திருந்தார்கள். பாகிஸ்தானில் வெட்டில்லாமல் ‘யு’ கிடைத்தது. மலேசியாவில், முஸ்லிம் மன்னனைச் சித்திரித்த விதத்துக்காகத் தடை விழுந்தது. ஒரே படத்தில் ஒரு நாட்டார் தம் அரசிக்கு இழுக்கென்று கண்டதையும், இன்னொரு நாட்டார் தம் சமயத்துக்கு இழுக்கென்று கண்டதையும், மூன்றாம் நாட்டார் எதையுமே காணாததையும் வைத்துப் பார்த்தால், சிக்கல் பிரேமுக்குள் இருந்ததா என்ற ஐயம் வலுக்கிறது. பிப்ரவரி தொடக்கத்தில், போராடிய அமைப்பின் பெயரில் இயங்கிய பிரிவுகளுள் ஒன்று, படம் ராஜபுத்திரப் பெருமையைத்தான் பேசுகிறது என்று எழுதி எதிர்ப்பைக் கைவிட்டது. படத்தின் உலக வசூல் 500 கோடி ரூபாயைத் தாண்டியது.

இன்று இதே வழக்கு வந்தால்

2017-இல் வாரியத்தின் முடிவை எதிர்க்கத் தயாரிப்பாளருக்கு ஒரு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இருந்தது. பன்சாலி தரப்பு அங்கே போகாமல் ஐந்தையும் ஏற்றுக்கொண்டது. காரணத்தை மேலே சொன்ன வட்டிக் கணக்கில் தேடலாம். அந்தத் தீர்ப்பாயம் 2021 ஏப்ரலில் கலைக்கப்பட்டது. இன்று அதே நிலையில் இருப்பவர் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் ‘யுஏ’ பிரிவை 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்ததும், சான்றிதழுக்குக் காலவரம்பு இல்லாமலாக்கியதும் நல்ல மாற்றங்கள். வாரியத்தின் முடிவை மத்திய அரசு திரும்ப விசாரிக்கும் அதிகாரத்தை, பெங்களூருவிலிருந்து கே. எம். சங்கரப்பா தொடர்ந்த வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 2021 வரைவில் எட்டிப் பார்த்த அந்த அதிகாரம் இறுதிச் சட்டத்தில் இடம்பெறாதது பெரிய நிம்மதி. ஆனால் வரலாறு பற்றிக் கேட்க வாரியத்துக்கு என்ன உரிமை என்ற கேள்விக்கு இந்தத் திருத்தங்களில் விடை இல்லை.

விடை இல்லாததன் விளைவு என் மேசைக்கு வருகிறது. அந்த ஆண்டுக்குப் பிறகு மொழிமாற்றத்துக்கு வரும் சரித்திரப் படங்களின் முகப்பு அறிவிப்புகள் படத்துக்குப் படம் நீண்டுகொண்டே போகின்றன. எந்த நூலிலிருந்து எடுத்தது, எந்த ஊரையும் குறிக்கவில்லை, எந்தக் குலத்தையும் குறிக்கவில்லை, எந்த நம்பிக்கையையும் புண்படுத்தவில்லை, விலங்குகள் கணினியில் உருவானவை என்று வரிக்கு வரி. அண்மையில் வந்த ஒன்றில் ஹிந்தி அறிவிப்பு 40 வினாடி. அதைத் தமிழில் சொன்னால் 52 வினாடி ஆயிற்று. ‘சித்திரிக்கப்பட்டுள்ள’ என்பதைக் ‘காட்டும்’ என்றாக்கி, இரண்டு ‘மேலும்’களை எடுத்து, 44-க்குக் கொண்டுவந்தேன். குரல் கொடுத்தவர் நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கினார். கறுப்புத் திரையில் குதிரைக் குளம்பொலி மட்டும் தொலைவிலிருந்து நெருங்கி வர, அதிலிருந்து படம் விடியவேண்டும் என்று இயக்குநர் அமைத்திருந்தார். ஒலித்தடத்தில் அந்தக் குளம்பொலியைக் குறைத்து, அறிவிப்பின் கீழே வைத்தோம்.